மலையகத்து ஈரத்தில் சோழி கெடாமல் இருக்க

திருகோணமலைக்கோ மிரிஸ்ஸவுக்கோ சுற்றுலா போய் வந்தால் பையில் நாலு சோழியாவது இருக்கும். அதை ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கொண்டுவந்து அழகான மரப்பெட்டியில் பூட்டி வைக்கிறோமே, அங்கேதான் வினை.

பொறுக்கும்போதே கவனியுங்கள். உள்ளே நத்தை உயிரோடு இருந்தால் விட்டுவிடுங்கள். புறாத்தீவு, ஹிக்கடுவை இரண்டும் கடல் தேசியப் பூங்காக்கள், அங்கே வெறும் ஓட்டைக்கூட எடுக்கக்கூடாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், மஞ்சள் நிறம், முதுகில் மேடு மேடாகப் புடைப்பு என்றால் அது காசுச்சோழி, ஒரு காலத்தில் மாலைதீவிலிருந்து கப்பல் கப்பலாக வங்காளத்துக்குப் பணமாகவே போனது. முதுகில் பொன்னிற வளையம் இருந்தால் அதன் நெருங்கிய இனம்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறப்போட்டு, தண்ணீரை அவ்வப்போது மாற்றுங்கள். உப்பு உள்ளே தங்கினால் நம்மூர்ப் பனியில் இருக்கும் ஈரத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். அப்புறம் அடிப்பக்கத்து நீளப் பிளவைப் பாருங்கள், இரண்டு ஓரமும் பல்வரிசை, ஒவ்வொரு இடுக்கிலும் மணல். பழைய பல்துலக்கும் பிரஷ், கொஞ்சம் சவர்க்காரம், அதுவே போதும். வினாகிரி, எலுமிச்சை கிட்டவே வேண்டாம்: ஓடு முழுக்கக் கல்சியம் காபனேற்று, அமிலம் பட்டால் கரையும். உயிரோடு இருக்கும்போது நத்தை தன் சதை மடிப்பால் ஓட்டை இரண்டு பக்கமும் போர்த்தி, மேல்பூச்சைப் படிய வைத்துக்கொண்டே இருக்கும். அந்தப் பளபளப்பு போனால் திரும்பப் போட ஆளில்லை.

பிளவு கீழே இருக்கும்படி துணியில் வைத்து நிழலில் காய விடுங்கள். மழை விடாத வாரமென்றால் சமையலறைப் பக்கம் வைக்கலாம், ஆனால் அடுப்புக்கு மேலே வேண்டாம்.

சரி, பெட்டி. மரமும் காட்போட் அட்டையும் மெதுவாக அமில ஆவி விடும். ஈரக் காற்றும் சேர்ந்தால் ஓட்டின்மேல் திருநீறு பூசினதுபோல் வெள்ளைப் பொடி பூக்கும். 1899இல் இதைப் பற்றி எழுதிய பைன் என்பவர் பெயரால் 'பைன் நோய்' என்கிறார்கள். அவர் கிருமிதான் காரணம் என்று நினைத்தார், உண்மையில் அது வேதிமாற்றம். அதனால் மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலே மேல். சப்பாத்துப் பெட்டிக்குள் வருமே சிலிக்கா ஜெல் பொட்டலம், அதில் ஒன்றைப் போட்டு, எடுத்த கடற்கரை, திகதி எழுதிய துண்டையும் வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து மோந்து பாருங்கள், வினாகிரி வாடை வந்தால் உடனே கழுவிக் காயவைத்து வேறு போத்தலுக்கு மாற்றிவிடுங்கள்.