தீபாவளி முடிந்ததும் மழைக்கு வீட்டைத் தயார் செய்யுங்கள்

தமிழ்நாட்டில் தீபாவளியோடு வந்துவிடும் வடகிழக்குப் பருவமழை, சிங்கப்பூரில் டிசம்பர், ஜனவரி மாதங்களில்தான் உச்சத்துக்கு வருகிறது. நமக்குக் குளிர்காலம் என்று ஒன்று இருந்தால் அது இந்த இரண்டு மாதம்தான். தென்சீனக் கடல் மேல் குளிர்காற்று வேகமெடுக்கும்போது, சேர்ந்தாற்போல் பல நாள் வெயிலே இல்லாமல் பெய்யும். 2025 ஜனவரி 10, 11 ஆகிய இரண்டே நாளில் சாங்கியில் 255.4 மில்லிமீட்டர் மழை. ஜனவரி மாதம் முழுவதற்குமான சராசரியே 222.4 தான்.

அந்த மழையில் ஈசூனில் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டுக்குள் ஒரு சொட்டு நீர் வரவில்லை. ஆனால் பொங்கலன்று கட்டலாம் என்று எடுத்த என் கூறைப்புடவையில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. உலர்சலவைக்குக் கொடுத்தும் முந்தானையில் ஒரு கறை அப்படியே நின்றுவிட்டது. மாடி வீட்டில் இருப்பவர்களுக்கு வெள்ளத்தைவிட ஈரக்காற்றுதான் பெரிய கவலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. இப்போது தீபாவளிக்கு மறுவாரமே வேலையைத் தொடங்கிவிடுகிறேன்.

முதலில் அலமாரி. நல்ல வெயில் அடிக்கும் ஒரு நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். பட்டுப்புடவைகளைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து கட்டாயம் எடுக்க வேண்டும். என் புடவை கெட்டதே அந்த உறையால்தான், உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லை. நிழலில் ஒரு மணி நேரம் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி மடித்து, பழைய வெள்ளைப் பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். பாச்சை உருண்டை சரிகையில் படக் கூடாது. அலமாரி வெளிச்சுவரை ஒட்டி நின்றால் நான்கு விரல் அகலமாவது தள்ளி வையுங்கள். மழையில் குளிர்ந்த சுவர்தான் முதலில் ஈரம் பிடிக்கும்.

உள்ளே வைக்க, நீர்யானைப் படம் போட்ட ஈரம் உறிஞ்சும் டப்பாக்கள் கடைகளில் கிடைக்கும். அவற்றில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு. அது ஈரத்தை இழுத்து உப்புநீராகச் சேர்த்துவைக்கும். அந்த நீர் பட்டிலோ தோல் பையிலோ சிந்தினால் போச்சு. அதனால் அடித்தட்டில், சாயாத இடத்தில் மட்டும் வையுங்கள், நிரம்பியதும் மாற்றிவிடுங்கள்.

சின்ன டப்பா ஒரு அலமாரிக்குப் போதும், அறைக்குப் போதாது. இரண்டு வருடத்துக்கு முன்னால், அறைக்காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரமான டீஹியூமிடிஃபையர் ஒன்று வாங்கினோம். வீட்டில் இந்த மழைக்கென்று வாங்கியதிலேயே உருப்படியானது அதுதான். கூடவே ஒரு ஈரப்பதமானியும் வாங்குங்கள், விலை அதிகமில்லை. அறையில் 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்தால் பூஞ்சை தலையெடுக்காது. விடாமல் மழை பெய்யும்போது வெளியே 95க்கு மேல் இருக்கும். அப்போது "காற்று வரட்டும்" என்று சன்னலைத் திறந்தால் உள்ளே வருவதும் ஈரம்தான். சமைக்கும்போதும் குளித்த பின்னும் கொஞ்ச நேரம் திறந்துவிட்டு மூடினால் போதும்.

துணிக்கும் இதே இயந்திரம்தான். மழை தொடங்கினால் வெளியே துணி காயப்போடும் மூங்கில் கம்பை மறந்துவிட்டு, ஓர் அறையில் மடக்குக் கொடியை விரித்துக்கொள்ளுங்கள். துவைத்ததும் இன்னொரு முறை பிழியவிட்டு, துணிக்குத் துணி ஒரு கை இடைவெளி விட்டுப் போட்டு, கதவைச் சாத்தி, இயந்திரத்தையும் மின்விசிறியையும் சேர்த்து ஓட்டினால் மாலையில் போட்டது காலைக்குள் காய்ந்துவிடும். போர்வை, திரைச்சீலை, கால்மிதி எல்லாவற்றையும் நவம்பரிலேயே துவைத்து முடித்துவிடுங்கள். ஜனவரி தொடக்கத்தில் பள்ளி திறக்கிறது, பிள்ளைகளுக்கு மூன்று செட் சீருடை இருந்தால் நிம்மதி.

அடுத்தது சன்னல். இழுத்துத் திறக்கும் சன்னலின் கீழ்த்தடத்தில் நீர் வெளியேறச் சின்னத் துளைகள் இருக்கும். தூசி அடைத்தால் மழைநீர் வீட்டுக்குள் திரும்பும். பழைய பல் துலக்கியாலும் குச்சியாலும் சுத்தம் செய்துவிடலாம், உடம்பை வெளியே நீட்டாமல். கதவு போல வெளியே திறக்கும் சன்னலில் அலுமினிய ரிவெட் இருந்தால் துருப்பிடிக்காத எஃகு ரிவெட்டாக மாற்றியாக வேண்டும். 2004லிருந்து அது சட்டம். இதற்கு அங்கீகாரம் பெற்ற ஒப்பந்தக்காரரைத்தான் கூப்பிட வேண்டும். காற்றில் ஒரு சன்னல் கழன்றால் கீழே யார் நடந்துபோகிறார்களோ யாருக்குத் தெரியும்?

மின்பெட்டியில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியில் 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று எழுதிய பொத்தான் இருக்கும். அழுத்தினால் மின்சாரம் உடனே போக வேண்டும். போகவில்லை என்றால் உரிமம் பெற்ற மின்பணியாளரை அழையுங்கள். ஈரக்காலோடு நடமாடும் மாதங்கள் இவை.

சமையலறையில் நான் பார்ப்பது பொடிகளைத்தான். மிளகாய்த்தூள், சாம்பார்ப்பொடி, ரசப்பொடி எல்லாவற்றையும் நவம்பரில் அரைத்து, நன்றாக ஆறிய பிறகு சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டிலில் போட்டு வைக்கிறேன். பெரிய டப்பாவைத் தினமும் திறந்தால் கட்டி பிடித்துவிடுகிறது. "வெயில் இருக்கறப்பவே செஞ்சுடும்மா" என்று மாமி நினைவுபடுத்திக்கொண்டே இருப்பார். மோர்மிளகாய், அப்பளம், நெத்திலிக் கருவாடு குளிர்பெட்டிக்குப் போகட்டும். அரிசி மூட்டையை வீட்டுக்குள் இருக்கும் சன்னல் இல்லாத பாதுகாப்பறை (பாம் ஷெல்டர்) தரையில் வைக்காதீர்கள், பலகை மேல் வையுங்கள். மலேசியாவில் மழை பலத்தால் தேக்கா சந்தையில் கீரையும் காய்கறியும் விலை ஏறும். பூசணி, சேனை, பயறு வகைகள் கைவசம் இருந்தால் சமாளிக்கலாம்.

இட்லி மாவும் இந்த நாட்களில் ஏமாற்றும். 23 டிகிரியில் இரவு முழுக்க வைத்தாலும் பொங்காது. சூடேற்றாத ஓவனுக்குள் (கேக் சுடும் மின்னடுப்பு) விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை வையுங்கள், விடிவதற்குள் பொங்கியிருக்கும். ஓவனில் விளக்கு இல்லையென்றால் வெதுவெதுப்பான நீரில் பாத்திரத்தை நிற்கவைத்து மேலே துண்டு போர்த்தலாம்.

வயதானவர்கள் இருக்கும் வீட்டில் கம்பளிப் போர்வையையும் காலுறையையும் முன்பே எடுத்து வெயில் காட்டி வையுங்கள். மாமிக்கு முழங்கால் வலி இந்த மாதங்களில்தான் கூடும். வாசலில் ஈரம் உறிஞ்சும் மிதியடி இரண்டு வேண்டும்: ஒன்று நனைந்தால் மாற்ற இன்னொன்று. குடையை நடைபாதையில் விரித்துவைத்தால் அதிலிருந்து வழியும் நீரில் பக்கத்து வீட்டுப் பாட்டி வழுக்கி விழலாம், வாளியில் நிறுத்துங்கள்.

மழை இடைவெளி விடும் நாளில் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. பூந்தொட்டித் தட்டிலும், சும்மா கிடக்கும், மூங்கில் கம்பு செருகும் துளையிலும் தேங்கிய நீரைக் கொட்டுங்கள். இருபது காசு நாணயத்தின் அளவு நீர் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். துளைகளுக்கு மூடி போட்டுவிட்டால் அடுத்த மழைக்குள் மறுபடி குனிந்து பார்க்க வேண்டியதில்லை.