வளவுக்குக் கண்ணாடிக் கூரை போடும் முன்

கானாடுகாத்தானில் எங்கள் உறவினர் ஒருவர் வீட்டில் வளவுக்கு, அதாவது வீட்டின் நடுவே வானம் பார்த்துத் திறந்திருக்கும் முற்றத்துக்கு, கண்ணாடிக் கூரை போட்டார்கள். குரங்கு இறங்கக் கூடாது, திருடன் இறங்கக் கூடாது, மழைச்சாரல் தேக்குத் தூணில் அடிக்கக் கூடாது. எல்லாம் நியாயமான காரணங்கள். அடுத்த சித்திரையில் அங்கே போயிருந்தேன். வழக்கமாக வளவில் பாய் விரித்துப் படுக்கும் ஆச்சி, விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “உள்ளே இருக்க முடியவில்லை தம்பி, சுண்ணாம்புக் காளவாய் மாதிரி கொதிக்கிறது” என்றார்.

செட்டிநாடு முழுவதும் இப்போது பழைய வீடுகளைப் புதுப்பிக்கிறார்கள். சில வீடுகள் விடுதிகளாக மாறுகின்றன. பெரிய அளவுக் கண்ணாடியும் எளிதாகக் கிடைக்கிறது. அதனால் இந்தத் தவறு ஊருக்கு ஊர் நடக்கிறது. சூடான காற்று மேலே எழுந்து முற்றத்தின் திறந்த வாய் வழியே வெளியேறும். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்கோட்டில் வைத்த வாசல்கள் வழியே புதுக் காற்று உள்ளே வரும். கண்ணாடி அந்த வாயை அடைத்துவிடுகிறது. வெயிலை உள்ளே விடும் அதே கண்ணாடி, சூடேறிய தரையும் தூணும் திருப்பி அனுப்பும் வெப்பக் கதிரை வெளியே விடாது. ஆகவே கூரையை ஓட்டோடு ஒட்டி மூடாதீர்கள். ஓட்டு விளிம்புக்கு மேல் ஓர் அடியாவது உயர்த்தி, சுற்றிலும் கம்பி வலை அடியுங்கள். குரங்குக்கு வலையே போதும். மழைநீர் வழிய நல்ல சரிவும் வேண்டும். மட்டமாகப் போட்ட கண்ணாடியில் நீரும் புழுதியும் தேங்கி, இரண்டே பருவத்தில் கறை படியும்.

அடுத்தது உயிரைப் பற்றியது. “டஃபன்ட் கண்ணாடிதான் போட்டிருக்கிறோம், பயமில்லை” என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற்றிச் சட்டென்று குளிர்விப்பதால் அது சாதாரணக் கண்ணாடியைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு வலுவடைகிறது. உடைந்தால் கூர்முனை இல்லாத சிறு துண்டுகளாக உதிர்கிறது. கதவுக்கு அது சரி. தலைக்கு மேல் என்றால் அந்தத் துண்டுகள் மொத்தமாகக் கொட்டும். அதற்குக் கல்லடிகூட வேண்டாம். கண்ணாடிக்குள் சிக்கியிருக்கும் நிக்கல் சல்பைடு துகள் மெல்லப் பருத்து, ஒரு நாள் காரணமே தெரியாமல் வெடிக்கலாம். தொழிற்சாலையிலேயே மறுபடி சூடேற்றிப் பலவீனமானவற்றை உடைத்துக் கழிக்கும் ஹீட் சோக் சோதனை இந்த ஆபத்தைக் குறைக்கிறது, முழுதாக நீக்குவதில்லை. எனவே கூரைக்கு லேமினேட்டட் கண்ணாடிதான் வேண்டும். இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் பி.வி.பி. என்ற பிளாஸ்டிக் படலம், உடைந்த துண்டுகளை விழாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டு தகடும் டஃபன்ட் என்றால், இரண்டும் உடைந்ததும் ஈரத்துணி போலத் தொய்ந்து சட்டத்தை விட்டு நழுவக்கூடும். டஃபன்டைவிட மெதுவாகக் குளிர்வித்த ஹீட் ஸ்ட்ரெங்தன்ட் தகடுகள் பெரிய துண்டுகளாக உடைவதால் அப்படியே தாங்கி நிற்கும். விலை கூடுதல்தான், இந்த இடத்தில் மட்டும் பேரம் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பாதுகாப்புக் கண்ணாடிக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணை 2020-இல் வந்தது. வாங்கும்போது ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

டஃபன்ட் செய்த பிறகு கண்ணாடியை அறுக்கவோ துளையிடவோ முடியாது. நூறாண்டுத் தேக்குச் சட்டம் எதுவும் சரியான செங்கோணத்தில் இருப்பதில்லை. வரைபடத்தைப் பார்த்து அளவு கொடுக்காமல், ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து கொடுங்கள்.

நிறம் கறுத்தால் போதும், சூடு வராது என்பதும் தவறான நம்பிக்கை. கருங்கண்ணாடி வெயிலைத் தானே குடித்துச் சூடாகி, அதில் ஒரு பங்கை வீட்டுக்குள் விடுகிறது. தாழ்வார நிழல் பாதியில் விழும் சன்னலில் அது இன்னும் மோசம்: ஒரு பகுதி கொதிக்க, நிழலிலும் சட்டத்துக்குள்ளும் இருக்கும் ஓரம் குளிர்ந்திருக்க, சாதாரணக் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். கடையில் நிறத்தைக் கேட்காமல், எவ்வளவு வெப்பம் உள்ளே விடும், எவ்வளவு வெளிச்சம் விடும் என்ற இரண்டு எண்களைக் கேளுங்கள். வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும் லோ-இ என்ற மெல்லிய பூச்சுள்ள இரட்டைக் கண்ணாடி வாங்கினால், நம் வெயிலுக்குப் பூச்சு வெளித்தகட்டின் உட்பக்கம் இருக்க வேண்டும். திருப்பிப் பொருத்திவிட்டால் கொடுத்த காசுக்கு உரிய பலன் கிடைக்காது.

எனக்கு மிகுந்த வேதனை தருவது கண்ணாடியை ஒட்டும் சிலிக்கோன் பசை. ஆணியடித்த மாதிரி ஒட்டுகிறது என்று மலிவான பசையையே எங்கும் பிழிகிறார்கள். புளித்த காடி வாசனை வந்தால் அது அசிட்டிக் வகை. உலரும்போது வெளிவரும் அமிலம் சுண்ணாம்புப் பூச்சையும் இத்தாலியப் பளிங்கையும் அரிக்கும், பழைய பெல்ஜியம் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சைக் கருக்கும். கண்ணாடி போல மின்னும் நம் சுவர்களுக்கு இதைவிடப் பெரிய துரோகம் இல்லை. இந்த அமிலத்தை விடாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி விளிம்பு இரும்பிலோ கல்லிலோ நேராக உட்காராமல் அடியில் ரப்பர் கட்டை வைக்கச் சொல்லுங்கள்.

கண்ணாடிக்கும் செட்டிநாட்டுக்கும் உள்ள உறவு பழையது. ஆத்தங்குடித் தரைக்கல்லின் மினுமினுப்பே கண்ணாடித் தகட்டின் மேல் வார்ப்பதால் வருவதுதான். அப்படிப்பட்ட ஊரில், சன்னலுக்கு மேல் வளைவில் இருந்த வண்ணக் கண்ணாடியைக் கழற்றிப் பழம்பொருள் கடைக்குக் கொடுத்துவிட்டு, வெற்றுக் கண்ணாடியில் வண்ணத் தாள் ஒட்டுகிறார்கள். பழைய கண்ணாடியின் நிறம் அது உருகும்போதே கலந்தது. நூறு வெயில் கண்டும் வெளுக்கவில்லை. வண்ணத் தாளோ சில ஆண்டுகளில் வெளுத்துச் சுருளும். ஒன்றிரண்டு சில்லுகள் உடைந்திருந்தால், யாரும் புழங்காத பின்கட்டு அறைகளின் சன்னலில் அதே நிறம் இருக்கிறதா என்று தேடி, அதை முகப்புக்கு மாற்றுங்கள். கழற்றும்போது கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருக்கும் பழைய மக்கைச் (பட்டியை) சுரண்டி, பொறுமையாக எடுக்கத் தெரிந்த தச்சரையே அழையுங்கள். துடைக்க வெதுவெதுப்பான நீரும் பருத்தித் துணியும் போதும், அமிலம் கூடாது.