நேற்றுச் சொன்னது இன்றும் நினைவிருக்க: ஏஜென்ட் மெமரி சர்வரைப் பைத்தானில் இணைப்பது எப்படி?

அக்காவுக்காக ஒரு சமையல் உதவி ஏஜென்ட் எழுதிக்கொண்டிருந்தேன். அவள் மகனுக்கு வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாது. அதைத் தெளிவாகச் சொல்லியும் வைத்தாள். மறுநாள் புது உரையாடலைத் திறந்தால், வேர்க்கடலைச் சட்னி அரைக்கச் சொல்கிறது. ஏஜென்டுக்குப் பின்னால் இருக்கும் மொழி மாதிரிக்கு (பதில் எழுதும் ஏஐ-க்கு) சொந்தமாக நினைவு கிடையாது. ஒவ்வொரு முறையும் நாம் என்ன அனுப்புகிறோமோ அதுதான் அதற்குத் தெரியும். மீதியை வெளியே சேமித்துவைக்க ஒரு மெமரி சர்வர் வேண்டும்.

நான் எடுத்துக்கொண்டது ரெடிஸ் ஏஜென்ட் மெமரி சர்வர். நினைவுகளை ரெடிஸ் என்ற தரவுத்தளத்தில் சேமிப்பது அது. அந்தச் சர்வரோடு பேச 'ஏஜென்ட் மெமரி கிளையன்ட்' என்ற பைத்தான் லைப்ரரி இருக்கிறது. பைத்தானும் டாக்கரும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: ரெடிஸ்

ரெடிஸ் 8 போடுங்கள். வெக்டர் தேடல் (எழுத்தை எண் வரிசையாக்கி, பொருளில் நெருங்கியதைத் தேடுவது) அதற்குள்ளேயே வருகிறது. லினக்ஸோடு வந்த பழைய ரெடிஸ் போதும் என்று நினைத்தால், தேடல் வேலை செய்யாது.

படி 2: சர்வர்

டாக்கரில் ஓடவிட்டு 8000 போர்ட்டைத் திறங்கள். ஓப்பன்ஏஐ-யின் ஏபிஐ கீயையும் கொடுக்க வேண்டும். உரையாடலிலிருந்து தகவலைப் பிரித்தெடுக்கவும், அதை வெக்டராக மாற்றவும் சர்வருக்கு ஏஐ மாதிரி தேவை. சொந்தக் கணினியில் பழகும்போது அங்கீகாரத்தை அணைத்துவைக்கலாம். இணையத்தில் திறந்துவிடும் சர்வரில் அதைச் செய்யவே கூடாது.

படி 3: கிளையன்ட்

பிப் மூலம் நிறுவி, சர்வர் முகவரியைக் கொடுத்தால் இணைப்பு தயார். எல்லா அழைப்புகளும் அசிங்க் வகை, அதாவது 'அவெய்ட்' என்று எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியவை. 'அவெய்ட்' விட்டுப்போனால் பதில் வராது, இன்னும் ஓடாத அழைப்பான ஒரு கோரூட்டின்தான் கையில் வரும். கோரிக்கைக்கு ஒரு கிளையன்ட் உருவாக்காமல், செயலி தொடங்கும்போது ஒன்றை உருவாக்கி அதையே பயன்படுத்துவதுதான் எனக்குப் பிடித்த வழி.

படி 4: சேமிப்பது

இங்கேதான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டேன். இந்தச் சர்வரில் நினைவு இரண்டு வகை. ஒர்க்கிங் மெமரி ஒரு செஷனுக்கு உரியது. நடந்துகொண்டிருக்கும் உரையாடல் அதில் இருக்கும். லாங் டேர்ம் மெமரி செஷன்களைத் தாண்டி நிற்பது. நான் உரையாடலை ஒர்க்கிங் மெமரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே லாங் டேர்மில் தேடினேன். வெறும் பட்டியல்தான் வந்தது. கீயை மாற்றினேன், ரெடிஸை மறுபடி நிறுவினேன், எதுவும் உதவவில்லை.

காரணம் இதுதான்: ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போவது பின்னணியில் நடக்கும் வேலை. நான் ஓடவிட்ட அமைப்பில் அதைச் செய்ய டாஸ்க் ஒர்க்கர் என்ற தனி செயல்முறை ஓட வேண்டும். நான் கோரிக்கைகளை வாங்கும் ஏபிஐ பகுதியை மட்டும் ஓடவிட்டிருந்தேன். ஒர்க்கரைத் தொடங்கிச் சற்றுப் பொறுத்துத் தேடியதும் வேர்க்கடலை விஷயம் வந்து நின்றது.

அப்புறம் ஒன்று. ஒவ்வாமை போன்ற தகவலை மொழி மாதிரி தானாகப் பிரித்தெடுக்கும் என்று விட்டுவிடாதீர்கள். லாங் டேர்ம் நினைவை நாமே நேரடியாக உருவாக்கும் அழைப்பு கிளையன்டில் இருக்கிறது. ஒரு குழந்தையின் உடல்நலம் சம்பந்தப்பட்டதை நான் அதன் வழியாக மட்டுமே எழுதுகிறேன்.

படி 5: தேடுவது

கேள்வியை எழுத்தாகக் கொடுத்தால் பொருளில் நெருங்கிய நினைவுகள் வரும். கூடவே வரும் எண் தூரத்தைக் காட்டுவது. குறையக் குறைய நெருக்கம். நான் முதலில் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல முடிவுகளையெல்லாம் வடிகட்டிவிட்டேன். சேமிக்கும்போதும் தேடும்போதும் ஒரே யூசர் ஐடியைக் கொடுங்கள். தேடலில் அதை விட்டால் இன்னொரு வீட்டுக்காரரின் தகவலும் கலந்து வரலாம். கிடைத்த நினைவுகளை மாதிரிக்கு அனுப்பும் செய்தியின் தொடக்கத்தில் சேர்த்தால் போதும்.

பிற்சேர்க்கை: இதைச் செய்துபார்த்த இரண்டு பேருக்கு வேறு சிக்கல்கள் வந்தன. ஒருவர் தன் செயலியையும் டாக்கருக்குள் வைத்திருந்தார். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தக் கன்டெய்னரையே குறிக்கும். டாக்கர் கம்போஸில் சர்வருக்கு வைத்த சர்வீஸ் பெயரை முகவரியாகக் கொடுத்ததும் சரியானது. இன்னொருவர் நடுவில் எம்பெடிங் மாதிரியை (எழுத்தை வெக்டராக மாற்றும் மாதிரியை) சிறியதிலிருந்து பெரியதற்கு மாற்றிவிட்டார். ஓப்பன்ஏஐ-யின் சிறிய மாதிரி 1536 எண்கள் தரும், பெரியது 3072. பழைய இன்டெக்ஸில் (தேடல் அட்டவணையில்) புதிய வெக்டர் பொருந்தாது. மாற்றுவதென்றால் இன்டெக்ஸைப் புதிதாக உருவாக்கி, பழைய நினைவுகளையும் மறுபடி வெக்டராக்க வேண்டும்.