வேற்றுலகப் பயங்கரம் இன்னொரு கெட்ட தெய்வம் அல்ல

மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்றுக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்குச் சொந்தமாக உலகம் படைக்கும் டன்ஜன் மாஸ்டர்கள் (கதையை நடத்துபவர்கள்) பலர், தெய்வங்களின் பட்டியலை எழுதி முடித்ததும் அடியில் இன்னொரு பெயரைச் சேர்ப்பார்கள். நட்சத்திரங்களுக்கு அப்பால் உறங்கும் ஏதோ ஒன்று. அதற்கும் ஒரு சின்னம், ஒரு கோவில், கறுப்பு அங்கி அணிந்த பூசாரிகள், உலகை அழிக்க ஒரு திட்டம். முதல் தவறு இதுதான். பட்டியலில் இடம் கிடைத்ததுமே அந்தப் பயங்கரம், சற்றுப் பெரிய கெட்ட தெய்வமாகச் சுருங்கிவிடுகிறது.

கெட்ட தெய்வத்துக்கு ஆசை உண்டு. நிலத்தடியில் வாழும் ட்ரோ எல்ஃப் இனத்தாரின் தெய்வமான சிலந்தி அரசி லோல்த் எவ்வளவு கொடியவளாக இருந்தாலும் அவளுக்கு என்ன வேண்டுமென்று நமக்குத் தெரியும்: கீழ்ப்படிதல், பலி, பழிவாங்கல். ஆசை இருக்கும் இடத்தில் பேரம் பேசலாம், கெஞ்சலாம், ஏமாற்றலாம். 1996இல் புரூஸ் கோர்டெல் எழுதிய ஒரு சாகசத்தின் (ஆடுவதற்கான கதைநூலின்) வழியாக ஆட்டத்துக்குள் வந்த ஃபார் ரெல்ம் என்ற அப்பாலுலகம் இதற்கெல்லாம் வெளியே நிற்கிறது. அங்கே நன்மை தீமை மட்டுமல்ல, இடமும் காலமும்கூட நம் கணக்குக்கு அடங்குவதில்லை. அங்கிருந்து வரும் ஒன்று ஊரை அழித்தால் அது வன்மத்தால் அல்ல. அது இங்கே இருப்பதே இந்த உலகுக்கு ஆகாது.

தமிழில் ஆடும் மேசைகளில் இதன் மறுபக்கத் தவறுக்கும் வாய்ப்பு உண்டு. காளியையோ சுடலைமாடனையோ அவர்களின் உக்கிரத்தை மட்டும் பார்த்து இந்த வரிசையில் நிறுத்தத் தோன்றும். 1980இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூலின் முதல் அச்சில் இந்தியத் தெய்வங்களும் திகில் எழுத்தாளர் லவ்கிராஃப்ட் படைத்த வேற்றுலகப் பயங்கரமான கதுல்ஹுவும் ஒரே அட்டைக்குள் இருந்ததும் உண்மை. ஆனால் உக்கிர தெய்வம் காவல் தெய்வம். அது கோபித்தால் காரணம் இருக்கும். கொடை நடத்தினால் குளிரும். ஊர் எல்லையும் குலமும் அதற்குத் தெரியும். அண்டப் பயங்கரத்துக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. காவல் தெய்வத்தைக் கதையில் கொண்டுவந்தால், எல்லையில் நின்று தடுக்கும் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது, வகை பார்க்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக்குவது. ஆட்டத்தின் விதிநூலான 2014இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், ஒப்பந்தத்தால் மந்திரசக்தி பெறும் வார்லாக்குகளின் ‘கிரேட் ஓல்ட் ஒன்’ என்ற பேட்ரனுக்கு (சக்தி தரும் புரவலருக்கு) உதாரணம் சொல்லும்போது தாரிஸ்டனையும் கதுல்ஹுவையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவதால் இந்தக் குழப்பம் எளிதில் வருகிறது. தாரிஸ்டன், கேரி கைகாக்ஸ் எழுதிய 1982 சாகசத்தின் வழியே நமக்குத் தெரியவந்த சிறைப்பட்ட தெய்வம். அவனுக்கு வரலாறு இருக்கிறது, மற்ற தெய்வங்களோடு பகை இருக்கிறது. நான்காம் பதிப்பில், தீமையின் துண்டு ஒன்றை எடுத்து அவன் விதைத்த இடத்தில்தான் பேய்களின் பாதாளமான அபிஸ் பிறக்கிறது. ஆக அவன் தொடக்கூடாததைத் தொட்டுக் கெட்ட உள்ளூர்க்காரன்.

நீரில் வாழும் பழம்பெரும் அரக்கர்களான அபோலெத்துகளின் கதை வேறு. தெய்வங்கள் வருவதற்கு முன்பே ஆதிக்கடல்களை ஆண்டவை அவை. பிறகு வந்த தெய்வங்கள் அவற்றின் பேரரசை உடைத்தன. அபோலெத்துக்கு மறதி கிடையாது. அந்தத் தோல்வி நேற்று நடந்ததுபோல் அதன் நினைவில் இருக்கிறது. அதன் கண்ணில், உங்கள் கிளெரிக் (தெய்வத்திடம் சக்தி பெறும் பூசாரிப் பாத்திரம்) கும்பிடும் ஒளித்தெய்வம் பின்னால் வந்த ஆக்கிரமிப்பாளர். இந்த ஓர் உறவை மட்டும் வைத்துக்கொண்டே ஒரு முழுக் கேம்பெயினை (பல அமர்வுகள் நீளும் தொடர்கதையை) நடத்தலாம்.

நான் அதிகம் வருந்தும் தவறு, நல்ல தெய்வங்களைச் சும்மா உட்காரவைப்பது. பயங்கரம் கதவைத் தட்டும்போது அவர்கள் எங்கே போனார்கள்? ஆட்டக்காரர் கேட்பார், கேட்கவும் வேண்டும். ‘அவர்கள்தான் முன்பே அதைப் பூட்டிவைத்தார்கள்’ என்பது வழக்கமான பதில். லவ்கிராஃப்டின் கதைகளில் மனிதர்மேல் அக்கறை கொண்ட காவலர்கள் பெரும்பாலும் கிடையாது. நல்ல மூத்த தெய்வங்கள் தீயவற்றைச் சிறைவைத்தார்கள் என்ற அமைப்பை வளர்த்தவர் அவருடைய கடித நண்பர் ஆகஸ்ட் டெர்லெத். அந்தப் பதிலைப் பயன்படுத்துவதில் குற்றமில்லை. ஆனால் பூட்டுக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு ஆட்டத்தின் கோலாரியன் உலகம் இதை அருமையாகச் செய்திருக்கிறது. உலகை அழிக்க முயன்ற ரோவகுக்கை அடைக்க விடியலின் தேவி சாரென்ரே நரகத்தின் அதிபதி அஸ்மோடியஸோடு ஒரே அணியில் நிற்க வேண்டியிருந்தது. சிறையின் சாவி இன்றும் அவனிடம்தான். சாரென்ரேயின் பக்தர் ஒருவர் அஸ்மோடியஸை ஒழிக்கப் புறப்பட்டால், அந்தச் சாவி என்ன ஆகும்?

கிளெரிக்கையும் வார்லாக்கையும் ஒரே மாதிரி நடத்துவதும் பயங்கரத்தைத் தெய்வமாக நினைப்பதிலிருந்து வரும் பிழைதான். கிளெரிக்கின் வேண்டுதலைக் கேட்க ஒருவர் இருக்கிறார். ‘கிரேட் ஓல்ட் ஒன்’னுக்குத் தன்னிடமிருந்து மந்திரம் எடுக்கும் வார்லாக் ஒருவன் இருப்பதே தெரியாமல் இருக்கலாம் என்று அதே பிளேயர்ஸ் ஹேண்ட்புக் சொல்கிறது. பல மேசைகளில் பேட்ரன் கனவில் வந்து கட்டளையிடுகிறது, திட்டுகிறது, பாராட்டுகிறது. பேசாமல் விடுங்கள். வார்லாக் கேட்ட கேள்விக்குப் பதிலாகப் பக்கத்து அறையில் தூங்கும் ஒருவர் தனக்குத் தெரியாத மொழியில் முனகட்டும்.

ஹிட் பாயிண்ட் (அடிபட அடிபடக் குறையும் உயிர் எண்) விஷயம் சுருக்கமாக: பயங்கரத்துக்கு எண் எழுதினால் ஆட்டக்காரர்கள் அதைக் கழிக்கத் தொடங்குவார்கள். அதன் பூசாரிக்கும், அதிலிருந்து உதிர்ந்த ஒரு துணுக்குக்கும் எழுதுங்கள், போதும்.

பகடை உருட்டிப் பைத்தியத்துக்கான பட்டியலிலிருந்து ஒன்றை எடுத்து ‘உனக்கு இன்று முதல் இந்த நோய்’ என்று அறிவிக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடலாம். மேசையைச் சுற்றி இருப்பவர்களில் யார் வீட்டில் என்ன நடக்கிறதென்று நமக்குத் தெரியாது. கேம்பெயின் தொடங்கும் முன், செஷன் ஜீரோ என்ற முன்கூட்டிய சந்திப்பிலேயே எது வேண்டாம் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாத்திரம் பார்த்ததைப் பற்றி மட்டும் பேசுங்கள்: தன் தெய்வத்தின் முகத்தை இனி நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை, ஆனால் ஜெபம் இன்னும் பலிக்கிறது. அதை எப்படி நடிப்பது என்று அந்த ஆட்டக்காரரே முடிவு செய்யட்டும்.