சிறு மண்கரைகளும் ஆபத்து வகைப்பாடும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒடுகத்தூர், பேரணாம்பட்டு, குடியாத்தம் பகுதிகளின் மலையடிவாரங்களில், பட்டா நிலத்தில் இறங்கும் மழைநீரை மண்கரை போட்டு மறித்து மாந்தோப்புக்கும் தென்னைக்கும் தேக்கி வைப்பவர்கள் பலர். கரை தம்முடையது, நிலமும் தம்முடையது என்பதால், அது உடைந்தாலும் நட்டம் தமக்கு மட்டுமே என்று அவர்கள் எண்ணிவிடுவதுதான் தவறுகளில் முதன்மையானது.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளையும், 10 முதல் 15 மீட்டர் வரை உயரம் இருந்து, 500 மீட்டர் நீளம் அல்லது 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றையேனும் எட்டுகிற அணைகளையும் மட்டுமே தன் வரம்புக்குள் கொண்டுவருகிறது. நாலைந்து மீட்டர் உயரமுள்ள தோட்டத்துக் கரை அதற்குள் வராது. சட்டம் கேட்கவில்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று ஆகிவிடாது. ஒரு ஹெக்டேர் பரப்பில் சராசரியாக 2 மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் நீரின் எடை 20,000 டன். கரை உடைந்தால் அதில் பெரும்பகுதி மிகக் குறைந்த நேரத்தில் கீழே பாய்ந்துவிடும்.

பல நாடுகளில் அணைகளைக் குறைந்த ஆபத்து, கணிசமான ஆபத்து, உயர் ஆபத்து என மூன்றாகப் பிரிக்கிறார்கள். இது கரையின் உறுதிக்குத் தரும் மதிப்பெண் அன்று. கரை உடைந்தால் கீழே எதற்கு என்ன நேரும் என்பதற்கான மதிப்பீடு. உரிமையாளரின் வயல் மட்டும் பாழாகும் என்றால் முதல் வகை, சாலையும் மின்கம்பங்களும் சேதப்படும் என்றால் இரண்டாம் வகை, உயிர்ச்சேதம் நேரக்கூடும் என்றால் மூன்றாம் வகை. ஆகவே நன்றாகப் பராமரிக்கப்பட்ட கரையும் உயர் ஆபத்து வகையில் இருக்கலாம்; பாழடைந்த கரையும் முதல் வகையில் இருக்கலாம். அதைவிட முக்கியமாக, கரையில் ஒரு கூடை மண்கூட மாறாமலேயே அதன் வகை மாறிவிடும். முன்பு கம்பும் கேழ்வரகும் விளைந்த சரிவில் இன்று மனைப்பிரிவு போட்டு வீடுகள் எழுந்திருந்தால், பழைய மதிப்பீட்டை நம்பிக்கொண்டிருப்பது பெரும் பிழை.

கரையைத் தனித்துப் பார்ப்பதும் தவறு. 1903இல் மைசூர்ப் பகுதியில் பாலாற்றின் மேற்புறத்து ஏரிகள் உடைந்ததால் வந்த வெள்ளம்தான் வாணியம்பாடியைத் தாக்கியது. மேலே ஒன்று உடைந்தால் அந்த நீர் முழுவதையும் கீழே உள்ள கரை தாங்க வேண்டியிருக்கும்.

உபரிநீர் வெளியேறும் வழியான கலங்கலை அடைப்பது மன்னிக்க இயலாத தவறு. இன்னும் அரை அடி நீர் நிற்கட்டும் என்று மணல் மூட்டை அடுக்குவதும், வண்டி போவதற்காகக் கலங்கலில் மண் கொட்டி மேடாக்குவதும் நம் பகுதியில் சாதாரணமாக நடக்கின்றன. மண்கரை தன் மேல் நீர் வழிவதைத் தாங்காது. பின்சரிவு அரித்து, சற்று நேரத்தில் கரையே அறுந்துவிடும். அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் தனியாருக்குச் சொந்தமான கா லோகோ என்னும் மண்ணணை 2006 மார்ச்சில் பெருமழையின்போது உடைந்து 7 பேர் இறந்தனர். அதன் உபரிநீர் வழி மண்ணிட்டு நிரப்பப்பட்டிருந்தது பின்னர் விசாரணையில் தெரியவந்தது.

கசிவைக் கையாள்வதிலும் அவசரம் கூடாது. தெளிந்த நீர் ஒரே அளவில் கசிந்தால் அதைக் கண்காணித்து வரலாம். நீர் கலங்கி வந்தாலோ, அளவு கூடினாலோ, கரையின் உள்மண் அரிபடுகிறது என்று பொருள். அப்போது வெளிவாயைக் களிமண் வைத்து அடைக்கக் கூடாது, ஏனெனில் அழுத்தம் ஏறி நீர் வேறிடத்தில் பீறிடும். முதலில் மணலும் அதன்மேல் ஜல்லியும் பரப்பினால் நீர் வெளியேறும், மண் தங்கிவிடும். அதே நேரத்தில் மதகைத் திறந்து நீர்மட்டத்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். கீழே குடியிருப்போருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் உடனே சொல்லி அனுப்ப வேண்டும். கரையில் வளர்ந்த பெரிய மரத்தை மழைக்காலத்தில் வெட்டி வேரை அப்படியே விட்டால், வேர் மக்கிய இடம் பின்னாளில் நீர் புகும் குழாயாகிவிடும். வேரைத் தோண்டி எடுத்துக் குழியை இறுக்கி நிரப்பும் வேலையை, நீர் வற்றியிருக்கும் கோடையில், வடகிழக்குப் பருவமழைக்கு வெகு முன்பே முடித்துவிட வேண்டும்.