மருத்துவர் சொன்னது ஒன்று, திரையில் வந்தது வேறு: அறிக்கையைத் திருத்துவது எப்படி?

மருத்துவர் பேசப் பேச மென்பொருளே அறிக்கையை எழுதிவிடுகிறதே, பிறகு நமக்கென்ன வேலை என்று, மருத்துவ அறிக்கைகளைத் திருத்தும் இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்பார்கள். 2018-இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வந்த அமெரிக்க ஆய்வில், மென்பொருள் எழுதித் தந்தபடியே இருந்த குறிப்புகளில் நூறு சொற்களுக்கு 7.4 பிழைகள் இருந்தன. ஆட்கள் திருத்திய பிறகு 0.4. அந்த வேலைதான் நமக்கு.

முதலில், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒலியை ஓடவிடுங்கள். திரையை மட்டும் படித்துத் திருத்த உட்காராதீர்கள். மென்பொருள் எழுத்துப் பிழை செய்வது அபூர்வம். நல்ல சொல்லையே தவறான இடத்தில் வைக்கும். மார்பு எக்ஸ்ரே அறிக்கையில் மருத்துவர் "நோ எஃப்யூஷன்" என்பார், திரையில் "நியூ எஃப்யூஷன்" என்று இருக்கும். நுரையீரலைச் சுற்றி நீர் இல்லாதவருக்குப் புதிதாக நீர் கோத்துவிட்டது! வாக்கியமோ பழுதில்லாமல் நிற்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நானும் இப்படி ஒன்றைக் கண்ணால் படித்தே தாண்டிப் போயிருக்கிறேன். அதனால் "நோ", "நாட்" வரும் இடங்களில், ஒலிப்பதிவை ஓட்டவும் நிறுத்தவும் காலடியில் இருக்கும் மிதியால் சற்றுப் பின்னே போய் இன்னொரு முறை கேளுங்கள்.

அடுத்து எண்களும் அளவுகளும். "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் மென்பொருளின் காதுக்கு ஒன்றுதான். லெவோதைராக்சின் 50 மைக்ரோகிராம் என்பது மில்லிகிராம் என்று விழுந்திருந்தால் மருந்தின் அளவு ஆயிரம் மடங்கு. 1.0 என்று இருந்தால் 1 என்றே எழுதுங்கள். புள்ளி மங்கினால் அது பத்தாகிவிடும்.

பிறகு ஒலி ஒத்த சொற்கள். இலியம் என்பது சிறுகுடலின் கடைசிப் பகுதி. இடுப்பு எலும்பும் இலியம்தான். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துதான் வேறுபாடு. இங்கே காது உதவாது, முன்பின் வரிகளைப் பார்க்க வேண்டும். ஹைட்ராக்சிசின் அரிப்புக்கு, ஹைட்ரலசின் ரத்த அழுத்தத்துக்கு. நோயாளிக்கு என்ன தொந்தரவு என்று மேலே பார்த்துவிட்டு ஒலியைக் கேளுங்கள்.

மூன்று முறை கேட்டும் பிடிபடவில்லையா? ஊகித்து நிரப்பாமல் இடம்விட்டு, ஒலிப்பதிவில் அது வரும் நிமிடத்தையும் விநாடியையும் குறித்துவிடுங்கள். மருத்துவரே மேலே வலது கால் என்றும் கீழே இடது கால் என்றும் சொல்லியிருந்தாலும் இதே வழிதான்: கேட்டபடியே எழுதி, இரண்டு வரிகளையும் சுட்டிக்காட்டி அவருக்குத் திருப்பி அனுப்புங்கள்.