கிருஷ்ணகிரி வானத்தில் குலுக்கல்: இ.டி.ஆர். ரிப்போர்ட்டைப் படிப்பது எப்படி?

ஓசூர், தர்மபுரி பக்கமிருந்து பைலட், டிஸ்பாட்சர் (தரையிலிருந்து பயணத்தைத் திட்டமிடுபவர்) பயிற்சிக்குப் போகிறவர்களுக்கான குறிப்பு இது. காற்றுக் கொந்தளிப்பின் வலுவைச் சொல்லும் எண்தான் இ.டி.ஆர். முன்னே போகும் விமானம் பின்னால் வருவதற்கு நேரடியாகச் சேதி சொல்வதாகப் பலரும் நினைக்கிறார்கள். பொதுவாக அப்படி நடப்பதில்லை. விமானக் கணினி கொந்தளிப்பை இந்த எண்ணாக அளந்து தரைக்கு அனுப்பும். விமான நிறுவனங்களின் உலகச் சங்கமான ஐயாட்டாவின் ‘டர்புலன்ஸ் அவேர்’ போன்ற தளம் அதைச் சரிபார்த்து, எந்த நிறுவன விமானம் என்பதை மறைத்து, மற்றவர்களின் காக்பிட் டேப்லெட் வரைபடத்தில் புள்ளியாகக் காட்டும்.

பைலட் ரேடியோவில் ‘மாடரேட்’ (நடுத்தரம்) என்றால், அது அவர் ஓட்டும் விமானத்துக்கு மாடரேட். ஏ.டி.ஆர். என்ற சிறிய விமானத்தைத் தூக்கிப்போடும் காற்று பெரிய போயிங் 777-ஐ லேசாகவே அசைக்கும். இ.டி.ஆர். அளப்பது காற்றை, அதனால்தான் அந்த எண்ணை எல்லா விமானமும் பயன்படுத்த முடிகிறது.

பயிற்சிக்கு ஒரு ரிப்போர்ட்: 12.5 வடக்கு, 78.2 கிழக்கு; எஃப்.எல். (நூறடிக் கணக்கில் உயரம்) 180, 10:40 யு.டி.சி. (உலகப் பொது நேரம்); உச்சம் 0.28, சராசரி 0.12.

இடம் கிருஷ்ணகிரிக்கு மேலே, உயரம் 18,000 அடி. நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டுங்கள்: இந்திய நேரம் மாலை 4:10. இதில்தான் நிறையப் பேர் தடுமாறுவார்கள். அடுத்து உச்சம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோவின் கணக்கில் 0.10-க்கு மேல் லேசானது, 0.20 முதல் மாடரேட், 0.45 முதல் சிவியர் (கடுமை). பழைய பாடக்குறிப்புகளில் மாடரேட், சிவியர் எல்லைகள் 0.4, 0.7 என்றிருக்கும், அவற்றை வைத்துப் படித்தால் இந்த 0.28-ஐ லேசானது என்று விட்டுவிடுவீர்கள். உச்சம் எகிறி, சராசரி தாழ்ந்திருப்பதால் இது ஓரிரு அதிர்வுகள். இரண்டும் உயர்ந்திருந்தால் குலுக்கல் விடாமல் தொடர்கிறது என்று பொருள்.

பிறகு ரிப்போர்ட்டின் வயதைப் பாருங்கள். சித்திரை, வைகாசி மாலைகளில் ஜவ்வாது மலைப் பக்கம் இடிமேகம் சீக்கிரமே எழுந்து கலைந்துவிடக்கூடும். முக்கால் மணி நேரப் பழைய புள்ளியை நம்பி உயரம் மாற்றக் கூடாது. உங்கள் உயரத்துக்கு நாலாயிரம் அடி மேலேயுள்ள புள்ளியும் உங்களுக்கானதல்ல.

‘0.02’ என்று வரும் அமைதியான ரிப்போர்ட்டை ஒதுக்காதீர்கள்; அங்கே ஒரு விமானம் நிம்மதியாகப் போயிருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. புள்ளியே இல்லாத இடம் அமைதியான இடமல்ல: அவ்வழியே யாரும் போகாமலிருக்கலாம், போன விமானத்தில் இ.டி.ஆர். அளக்கும் மென்பொருள் இல்லாமலிருக்கலாம், இணைப்பு அறுந்திருக்கலாம். அங்கே சென்னை எஃப்.ஐ.ஆருக்கான (வான்தகவல் பகுதி) சிக்மெட்டை, அதாவது ஆபத்தான வானிலை எச்சரிக்கையைப் பாருங்கள். வெதர் ரேடாரை மட்டும் நம்ப வேண்டாம். அது மழைத்துளியைக் காட்டும், மேகமற்ற காற்றின் கொந்தளிப்பைக் காட்டாது.